மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லூயி ஆம்ஸ்ட்ராங்: துப்பாக்கிக் கதையைச் சொல்வதா, விடுவதா?

குவீன்ஸ்அம்மா எழுதியது:

இங்கே 3 வருடமாக வாசிக்க மட்டும் வருகிறவள், முதல் தடவையாக ஒரு இழை தொடங்குகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் குவீன்ஸ் பக்கம் இருக்கிறோம். பிப்ரவரி இங்கே கறுப்பின வரலாற்று மாதம். மகளின் வகுப்பில் பெற்றோர் யாராவது வந்து ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார்கள், நானும் ஏதோ ஒரு வேகத்தில் கையைத் தூக்கிவிட்டேன். 4 வகுப்பு, ஒவ்வொன்றும் 40 நிமிடம், 24 பிள்ளைகள், எல்லாருக்கும் 8 வயது.

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஜாக்சன் ஹைட்ஸிலிருந்து ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு 7-ஆம் நம்பர் ரயிலில் போகும்போதெல்லாம் கொரோனாவில் 103-ஆம் தெரு நிறுத்தத்தைத் தாண்டித்தான் போகிறோம். அங்கே இறங்கி நடந்தால் அவர் வீடு, 1943 முதல் சாகும்வரை குடியிருந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். 11 வருடமாகக் கோயில் கேன்டீன் தோசைக்குப் போகிறோம், ஒரு நாள்கூட அங்கே இறங்கிப் பார்த்ததில்லை. அந்த வெட்கம்தான் காரணம்.

எனக்கு ஜாஸ் தெரியாது. சின்ன வயதில் 6 வருடம் வாய்ப்பாட்டு, வர்ணத்தோடு நின்றுவிட்டது. ட்ரம்பெட் என்றால் ஊரில் கல்யாண பேண்டு, அவ்வளவுதான். போன வருடம் வேறொரு பெற்றோர் வந்து 40-க்கும் மேல் படம் போட்டுப் பிறந்தது வளர்ந்தது பரிசு வாங்கியது என்று வரிசையாகச் சொன்னாராம், மகளுக்கு அதில் மிச்சம் நினைவிருப்பது 'அந்த மாமா எப்போதும் சிரித்துக்கொண்டே இருந்தார்' என்பது மட்டும். யாரைப் பற்றிச் சொன்னார் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது படிக்க ஆரம்பித்தால் ஒரு சிக்கல். இந்த மனிதர் 11 வயதில் தெருவில் துப்பாக்கியால் சுட்டுக் கைதாகியிருக்கிறார். சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கேதான் பேண்டில் சேர்ந்து, ட்ரம்பெட் மாதிரியே இருக்கிற கார்னெட் வாசிக்கிறார். இதை 8 வயதுக் குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது? இங்கே பள்ளிகளில் துப்பாக்கி என்கிற வார்த்தையே வேறு மாதிரி, யாராவது சுட வந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகள் கதவைப் பூட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து ஒத்திகை பார்க்கிறவர்கள். விட்டுவிடலாமா?

வடசேரிக்காரன் எழுதியது:

அம்மா, 31 வருடம் தொடக்கப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். விட்டுவிடுங்கள். குழந்தைக்கு வேண்டியது ஒரு ஏழைப் பையன் உழைத்து முன்னுக்கு வந்த கதை. ஒரு நீக்ரோ சிறுவன் அந்தக் காலத்தில் உலகப் புகழ் பெற்றான் என்றால் அதுவே போதுமானது. துப்பாக்கியைச் சொன்னால் வீட்டுக்குப் போய் அதை மட்டும்தான் சொல்லும், மறுநாள் நாலு பெற்றோர் உங்களைத் தேடி வருவார்கள்.

ஸ்காபரோப்பொடியன் எழுதியது:

ஐயா, மரியாதையோடு ஒன்று. அந்த 'நீ…' என்று தொடங்குகிற இனப் பெயரை விட்டுவிடுங்கோ. நம்முடைய பழைய பாடப்புத்தகங்களில் சாதாரணமாக எழுதின சொல்தான், நீங்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்பதும் விளங்குகிறது. ஆனால் இங்கே அந்தச் சொல்லை இப்போது யாரும் சொல்லுவதில்லை, கறுப்பினத்தவர் என்றால் போதும்.

அக்காவுக்கு: இது வகுப்பிலும் வரும், ஆயத்தமாக இருங்கோ. அந்தச் சீர்திருத்தப் பள்ளியின் பெயரே 'கலர்ட் வெய்ஃப்ஸ் ஹோம்', கறுப்பின ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லம். பெயரைச் சொன்ன உடனே ஒரு பிள்ளை கேட்கும், கலர்ட் என்றால் என்ன, என்ன கலர் என்று. நான் டொராண்டோவில் தொடக்க வகுப்பு எடுக்கிறேன், என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு இடம், கறுப்புப் பிள்ளைகளுக்கு வேறு இடம் என்று சட்டமே பிரித்து வைத்திருந்தது என்று ஒரே வசனத்தில் சொன்னேன். 'அது சரியில்லையே' என்றது ஒரு பெட்டை. ஓம், சரியில்லை என்றேன். அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். நாங்கள் நினைக்கிற அளவுக்குச் சின்னப் பிள்ளைகள் பயந்து போவதில்லை.

பழையதட்டு எழுதியது:

ஜாஸ் இசைத்தட்டு சேர்க்கிற கிறுக்கு எனக்கு 25 வருடமாக உண்டு, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுவேன்.

முதலில் சின்னச் சண்டை. 'லூயி' என்று எழுதியிருக்கிறீர்கள். உலகமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் மனிதர் தன்னை 'லூயிஸ்' என்றுதான் சொல்லிக்கொண்டார், 1964-ல் வந்த 'ஹலோ டாலி' பாட்டில் தன் பெயரைத் தானே பாடுவார், காதில் விழும். வகுப்பில் அந்த ஒரு வரியைப் போட்டு 'இவர் பெயரை இவரே எப்படிச் சொல்கிறார்?' என்று கேட்டுப் பாருங்கள். 8 வயதுக்குப் பெரியவர்களைத் திருத்துவதைப் போல இனிப்பான வேலை வேறில்லை.

இரண்டாவது, பிறந்த நாள். உங்கள் பள்ளி நூலகப் புத்தகம் பழசாக இருந்தால் 1900 ஜூலை 4 என்று இருக்கும். வாழ்நாள் முழுக்க அவர் அப்படித்தான் சொன்னார். அமெரிக்காவின் பிறந்த நாளும் நூற்றாண்டின் பிறப்பும் சேர்ந்து வருகிற தேதி, யார்தான் விடுவார்கள். அவர் இறந்து பத்து வருடத்துக்கு மேல் கழித்து நியூ ஆர்லியன்ஸில் ஒரு தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1901 ஆகஸ்ட் 4 என்று கண்டுபிடித்தார்கள். ஊரில் நம் தாத்தா பாட்டிகளுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டதுதானே பிறந்த நாள், அது மாதிரி.

துப்பாக்கிக்கு வருகிறேன். நடந்தது இதுதான்: 1912 டிசம்பர் 31, புத்தாண்டு இரவு. ஊரே பட்டாசும் சத்தமுமாகக் கொண்டாடுகிறது. வீட்டிலிருந்த, சித்தப்பா முறையில் இருந்தவருடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் வானத்தைப் பார்த்து வெற்றுத் தோட்டா சுட்டான் பையன். யாருக்கும் அடிபடவில்லை. போலீஸ் பிடித்தது, மறுநாளே ஹோமுக்கு அனுப்பிவிட்டார்கள், ஒன்றரை வருடம் போல அங்கே இருந்தான். சத்தம் எழுப்பியதற்குத் தண்டனை, அதே சத்தத்தை எப்படி எழுப்புவது என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கதையை விட்டுவிட்டு இந்த மனிதரைச் சொல்ல முடியாது. வடசேரி சார் கோபிக்க வேண்டாம், 'உழைத்து முன்னேறினான்' என்று மட்டும் சொன்னால் அது யார் கதையாகவும் இருக்கலாம்.

ஆனால் எதிலிருந்து தொடங்குவது என்றால் துப்பாக்கியிலிருந்தும் வேண்டாம், பிறப்பிலிருந்தும் வேண்டாம். 'வெஸ்ட் எண்ட் புளூஸ்', 1928 ஜூன் 28, சிகாகோ. தட்டின் முதல் 12, 13 நொடி ட்ரம்பெட் தனியாக நிற்கிறது, வேறு வாத்தியமே கிடையாது. ஒரு வார்த்தை பேசாமல் வகுப்புக்குள் போய் அதைப் போடுங்கள். நிறுத்துங்கள். திரும்பப் போடுங்கள். அப்புறம் 'எத்தனை பேர் வாசித்தார்கள்?' என்று கேளுங்கள்.

வடசேரிக்காரன் எழுதியது:

சொல்லைத் திருத்தியதற்கு நன்றி தம்பி, 70 வயதிலும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. துப்பாக்கி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

பித்தளைவாய் எழுதியது:

கல்லூரி பேண்டில் 4 வருடம் ட்ரம்பெட் ஊதியவன். அக்கா, இசை கேட்க வைப்பதற்கு முன் பிள்ளைகளை ஊத வைத்துவிடுங்கள். வாத்தியம் வேண்டாம். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு குதிரை மூக்கால் விடுகிற மாதிரி 'பர்ர்ர்' என்று அதிர வைக்கச் சொல்லுங்கள். ட்ரம்பெட்டில் சத்தம் பிறப்பது குழாயில் இல்லை, உதட்டில். குழாய் அதைப் பெரிதாக்கிச் சுருதி சேர்க்கிறது. 3 வால்வும் காற்றுப் போகிற பாதையைக் கொஞ்சம் நீட்டுகிற வேலைதான் செய்கின்றன, மற்ற ஸ்வரமெல்லாம் உதட்டை இறுக்கித் தளர்த்தி எடுப்பது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டர், ஒரு முனையில் எண்ணெய் ஊற்றுகிற புனல், மறுமுனையில் உதடு. நிஜமாகவே சத்தம் வரும். பழகினால் 3, 4 ஸ்வரம்கூட வரும். மவுத்பீஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, பிள்ளைக்குப் பிள்ளை துடைத்துக் கொடுங்கள்.

2 நிமிடம் ஊதினால் உதடு மரத்துப்போகும். அப்போது சொல்லுங்கள், இவர் 50 வருடத்துக்கு மேல் இதைச் செய்தார், உதட்டில் தழும்பே விழுந்துவிட்டது, பல தடவை கிழிந்து மாதக்கணக்கில் வாசிக்க முடியாமல் இருந்தார். எல்லாப் படத்திலும் ஒரு கையில் வெள்ளைக் கைக்குட்டை ஏன் என்றும் அப்போது தானாகப் புரியும், வேர்த்துக் கொட்டும்.

தவில்வீட்டுப்பேரன் எழுதியது:

அக்காவுக்கு 6 வருடப் பாட்டு இருக்கிறதே, அது சும்மா போகாது. அந்தத் துள்ளல் நடை, ஸ்விங் என்கிறார்களே, அதை இப்படிப் பிடிக்கலாம். 'தகிட தகிட தகிட' என்று சொல்லுங்கள். இப்போது நடுவிலுள்ள 'கி'யை வாய்க்குள் விழுங்கிவிடுங்கள். த…ட த…ட த…ட. வந்துவிட்டதா? நீளம், குட்டை, நீளம், குட்டை. ஒரே அளவாக நடக்கிற பாட்டையும் இப்படி நொண்டுகிற பாட்டையும் பிள்ளைகளை வகுப்பறைக்குள் நடக்கவிட்டே காட்டலாம். பிறந்தநாள் பாட்டை இரண்டு விதமாகவும் கைதட்டிப் பாடினால் போதும். துல்லியமாகப் பார்த்தால் ஸ்விங் எப்போதும் சுத்தமான திஸ்ரம், அதாவது மூன்று சம பங்கு, இல்லை, வேகம் கூடக்கூட ஏறக்குறைய நேராகிவிடும், ஆனால் 8 வயதுக்கு இது தாராளம்.

அப்புறம் அர்த்தமில்லாத எழுத்துகளை வைத்து அவர் பாடுவாரே, ஸ்காட், அது தாளச் சொற்களை வாயால் சொல்கிற நம் கொன்னக்கோல் மாதிரிதான் என்றும் சொல்லிவிடலாம்.

பழையதட்டு எழுதியது:

தம்பி, 'கி'யை விழுங்குவது பிரமாதம், நான் திருடிக்கொள்கிறேன். ஆனால் கடைசி வரியை ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் வீட்டிலேயே தெரியும், கொன்னக்கோலில் 'தா', 'தொம்' ஒவ்வொன்றுக்கும் தோலில் ஒரு அடி இருக்கிறது, கணக்கு இருக்கிறது. ஸ்வரம் பாடினால் எழுத்தே ஸ்வரத்தின் பெயர். ஸ்காட்டில் எழுத்து எதையும் குறிப்பதில்லை. ட்ரம்பெட்டில் என்ன வளைவு வரும், எங்கே இழுக்கும், எங்கே வெட்டும் என்பதை வாய் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவே. அவர் பாடுவதும் வாசிப்பதும் ஒரே ஆள் ஒரே மாதிரி யோசிப்பதுதான்.

1926-ல் 'ஹீபி ஜீபிஸ்' ஒலிப்பதிவில் பாட்டு எழுதிய தாள் கீழே விழுந்துவிட்டது, அதனால் வாய்க்கு வந்ததைப் பாடினார், அப்படித்தான் ஸ்காட் பிறந்தது என்று ஒரு கதை இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சொல்லுங்கள், ஆனால் 'இப்படி ஒரு கதை சொல்வார்கள்' என்று சொல்லுங்கள், ஏனென்றால் அதற்கு முன்பே வேறு சிலர் இசைத்தட்டில் அப்படிப் பாடியிருக்கிறார்கள். அவர் பாடிய பிறகு எல்லாரும் பாட ஆசைப்பட்டார்கள் என்பதுதான் உண்மையில் பெரிய விஷயம்.

தவில்வீட்டுப்பேரன் எழுதியது:

அடி வாங்கிக்கொண்டேன். கொன்னக்கோல் வேறுதான். ஆனாலும் வீட்டில் தாத்தா கோபம் வந்தால் ஜதியிலேயே திட்டுவார், அது ஸ்காட்டில் சேருமா சேராதா என்று ஒரு நாள் தனியாகப் பேசுவோம்.

குவீன்ஸ்அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முதல் வகுப்பு இன்று முடிந்தது.

பழையதட்டு சார் சொன்னபடி பேசாமல் உள்ளே போய் அந்த 12 நொடியைப் போட்டேன். ஒரு பையன் 'முடிந்துவிட்டதா?' என்றான். திரும்பப் போட்டேன். எத்தனை பேர் என்றதற்கு 3 பேர் என்று ஒருத்தி, 10 பேர் என்று ஒருவன். ஒருவர்தான் என்றதும் நம்பவில்லை. இடையில் மூச்சு எங்கே எடுக்கிறார் என்று கேட்டான் ஒருவன், நான் அதைக் கவனித்ததே இல்லை, எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு மூச்சு விடுகிற இடத்தில் இறக்க வேண்டும் என்று அவர்களே ஒரு விளையாட்டாக்கிவிட்டார்கள். 40 நிமிடத்தில் 25 நிமிடம் இதிலேயே போயிற்று. நான் எழுதி வைத்திருந்த 2 பக்கம் அப்படியே பைக்குள் இருந்தது.

பிள்ளைகள் உதட்டு அதிர்வு செய்ததற்கு வகுப்பாசிரியை முறைத்தார். எச்சில்.

அடுத்த வாரம் நியூ ஆர்லியன்ஸ். அந்தச் சின்ன வயதுக் கதையில் எதைச் சொல்லலாம்? அம்மா, அப்பா பற்றியெல்லாம் படித்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பழையதட்டு எழுதியது:

காயலான் கடை வண்டியைச் சொல்லுங்கள். லித்துவேனியாவிலிருந்து வந்த கார்னோஃப்ஸ்கி என்கிற யூதக் குடும்பம், அவர்களும் ஏழைகள்தான், பழைய துணி, பாட்டில் வாங்குகிற வண்டியும் நிலக்கரி விற்கிற வண்டியும் வைத்திருந்தார்கள். லூயிஸ் சின்னப் பையனாக அந்த வண்டியில் உட்கார்ந்து, ஆட்களைக் கூப்பிட ஒரு தகர ஊதலை ஊதுவான். பழைய சாமான் கொண்டுவரும் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போனது. அப்புறம் அடகுக்கடை ஜன்னலில் ஒரு கார்னெட், விலை 5 டாலர். அந்தக் குடும்பம் முன்பணம் கொடுத்தது, வாரா வாரம் கொஞ்சமாகக் கழித்தான். அவர்கள் வீட்டில் சாப்பாடும் போட்டார்கள், தாலாட்டும் பாடினார்கள். 1969-ல் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி அந்தக் குடும்பத்தைப் பற்றித் தன் கையாலேயே எழுதி வைத்தார். கழுத்தில் யூதர்களின் நட்சத்திரம் போட்ட சங்கிலி சாகும்வரை இருந்தது.

அப்பா விட்டுவிட்டுப் போனார், அம்மா மாயானும் பாட்டியும் வளர்த்தார்கள் என்பதை ஒளிக்க வேண்டாம். உங்கள் 24 பேரில் எத்தனை பேர் வீட்டில் அதே கதையோ.

ஹோமுக்குப் போனபோது முதல் நாளே கார்னெட்டைக் கொடுத்துவிடவில்லை என்பதையும் சொல்லுங்கள். பீட்டர் டேவிஸ் என்கிற வாத்தியார் முதலில் இவனை நம்பவே இல்லை, கெட்ட தெருவிலிருந்து வந்தவன் என்று. கஞ்சிரா மாதிரி இருக்கிற டாம்பரின், அப்புறம் டிரம், அப்புறம் ஆல்டோ ஹார்ன், பியூகிள், கடைசியில்தான் கார்னெட். போகப் போகப் பேண்டின் தலைவனே அவன்தான்.

லில்பக்கம் எழுதியது:

இழையை இப்போதுதான் பார்த்தேன். இவ்வளவு ஆண்கள் இவ்வளவு எழுதியும் லில் ஹார்டின் பெயரை ஒருவரும் சொல்லவில்லையே? வகுப்பில் பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள்தானே?

1922-ல் குரு ஜோ ஆலிவர் தந்தி கொடுத்துக் கூப்பிட, லூயிஸ் ரயிலேறிச் சிகாகோ வந்தார். அந்தக் குழுவில் பியானோ வாசித்தது லில், முறையாகப் படித்தவர். 1924-ல் கல்யாணம். குருவின் நிழலிலேயே இரண்டாவது கார்னெட்டாக இருந்தால் எப்படி, வெளியே வா என்று தள்ளியது லில். லூயிஸின் சொந்தக் குழுவான 'ஹாட் ஃபைவ்' தட்டுகளில் பியானோ அவர்தான், பாட்டுகளும் எழுதினார்.

பிள்ளைகளுக்கு ஏற்ற கதை ஒன்று இவர் சொன்னது: 1923-ல் இண்டியானாவில் ரிச்மண்ட் ஊரில் முதல் ஒலிப்பதிவு. அப்போது மைக் கிடையாது, பெரிய கூம்புக்கு முன்னால் நின்று வாசிக்க வேண்டும். லூயிஸ் வாசித்தால் மற்றவர் யாருமே கேட்கவில்லை, அதனால் அவரை மட்டும் தூரமாக மூலைக்குத் தள்ளி நிறுத்தினார்களாம், அங்கே பரிதாபமாக நின்றுகொண்டிருந்தார் என்று லில் சொல்வார். இதை வகுப்பில் நடித்தே காட்டலாம், ஒரு பிள்ளை கூம்பு, ஒருவனை மூலைக்கு அனுப்புங்கள்.

அவர்கள் பிரிந்துவிட்டார்கள். 1971 ஜூலை 6-ல் லூயிஸ் இறந்தார், ஆகஸ்ட் 27-ல் சிகாகோவில் அவருக்கான அஞ்சலிக் கச்சேரியில் பியானோ வாசித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து லில் இறந்தார். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். உங்களுக்குத்தான்.

குவீன்ஸ்அம்மா எழுதியது:

பேருந்தில் வைத்து இதைப் படித்தேன், கடைசிப் பத்தியில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

இரவுவானம் எழுதியது:

குறுக்கே ஒரு செய்தி. 1977-ல் கிளம்பிய இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் தங்க முலாம் பூசிய ஒரு தட்டு இருக்கிறதே, அதில் லூயிஸின் 'ஹாட் செவன்' குழு வாசித்த 'மெலன்கலி புளூஸ்' இருக்கிறது. அதே தட்டில் நம் நாட்டிலிருந்து கேசர்பாய் கேர்கர் பாடிய பைரவியும் இருக்கிறது. சூரிய மண்டலத்தின் கோள்களையெல்லாம் தாண்டிப் போய்விட்டது. என் பையனுக்கு ஜாஸ் பிடிக்காது, இதைச் சொன்னதும் கேட்கிறேன் என்றான்.

ஸ்காபரோப்பொடியன் எழுதியது:

அந்தச் சிரிப்பு விஷயத்தை யாரும் தொடவில்லை. அக்காவின் மகளுக்கு நினைவிருந்தது அது மட்டும்தான் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறா.

மேடையில் கண்ணை உருட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். வெள்ளைக்காரரைச் சந்தோஷப்படுத்தச் சிரிக்கிறார் என்று பின்னால் வந்த இளைய கறுப்பினக் கலைஞர்களே கடுமையாகக் குறை சொன்னார்கள். ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் சொன்னார், பிறகு தன் நினைவுக் குறிப்பில் தான் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்று திருத்திக்கொண்டார். அவரும் கொரோனாவில் லூயிஸுக்குக் கிட்டத்தான் குடியிருந்தவர்.

1957 செப்டம்பர். ஆர்கன்ஸாவில் லிட்டில் ராக் ஊரில் 9 கறுப்பின மாணவர்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், நீதிமன்றமே போகலாம் என்று சொல்லிவிட்டது. மாநில ஆளுநர் படையை வாசலில் நிறுத்தி உள்ளே விடவில்லை. லூயிஸ் அப்போது வடக்கு டகோட்டாவில் கச்சேரிக்கு வந்திருந்தார். 21 வயது மாணவன் ஒருவன், உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதுபவன், சாதாரணமாகப் பேட்டி எடுக்கப் போகிறான். லூயிஸ் வெடித்துவிட்டார். ஜனாதிபதிக்கு முதுகெலும்பு இல்லை என்ற தோரணையில் பேசினார், அரசாங்கம் தன்னைச் சோவியத் நாட்டுக்கு அனுப்ப இருந்த பயணத்துக்குப் போக மாட்டேன் என்றார். இவர் இப்படிப் பேசுவாரா என்று பத்திரிகையில் நம்பவில்லை. பெடியன் திரும்பப் போய் எழுதினதைக் காட்டினான், லூயிஸ் அடியில் 'சாலிட்', அதாவது பிரமாதம், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைப் பின்வாங்கவும் இல்லை. கொஞ்ச நாளில் ஜனாதிபதி ராணுவத்தை அனுப்பி அந்த 9 பேரையும் உள்ளே விட்டார், அது இவர் பேச்சால் என்று நான் சொல்ல மாட்டேன்.

8 வயதுப் பிள்ளைக்கு 'பள்ளிக்கூடத்துக்குப் போக விடவில்லை' என்பது உடனே விளங்கும். எங்கள் வீடுகளில் அது கதையே இல்லை, அம்மா அப்பாவின் அனுபவம். சிரிக்கிற மனிதருக்கும் கோபம் வரும், கோபம் வந்த நாளில் அதை வெளியே சொன்னார் என்று சொல்லுங்கோ.

வடசேரிக்காரன் எழுதியது:

இது எனக்குத் தெரியாது. 'சாலிட்' விஷயம் அருமை. இதைச் சொல்லலாம் என்பேன், துப்பாக்கியைவிட இது பரவாயில்லை.

பழையதட்டு எழுதியது:

நம் சார் மெல்ல வழிக்கு வருகிறார்.

ரொம்பக் கனமாகிவிட்டால் நடுவே இதைப் போடுங்கள்: 1931-ல் 9 வருடம் கழித்துச் சொந்த ஊர் திரும்பியபோது, உள்ளூர் பேஸ்பால் குழு ஒன்றுக்குப் புத்தம் புது வெள்ளை உடுப்பு வாங்கிக்கொடுத்தார், 'சீக்ரெட் நைன்' என்று பெயர். ஆட்டத்தில் தோற்றார்கள். உடுப்பு அழுக்காகிவிடும் என்று யாரும் தரையில் சறுக்கவில்லை, அதனால்தான் தோற்றோம் என்று இவர் சொல்லிச் சிரிப்பாராம். அதே பயணத்தில் வானொலியில் அறிவிப்பாளர் ஒரு கறுப்பினத்தவரை அறிமுகப்படுத்த மாட்டேன் என்று மறுத்துவிட, தானே மைக்கைப் பிடித்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் நடந்தது. இரண்டும் ஒரே ஊர், ஒரே கோடைக்காலம்.

குவீன்ஸ்அம்மா எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும், சின்னவனுக்குக் காய்ச்சல். இரண்டு வகுப்பு சேர்த்துச் சொல்கிறேன்.

துப்பாக்கியைச் சொன்னேன். முதலில் வகுப்பாசிரியையிடம் கேட்டேன், அவர் யோசித்துவிட்டு 'வெற்றுத் தோட்டா, வானத்தைப் பார்த்து, யாருக்கும் அடி இல்லை, இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்' என்றார். அப்படியே செய்தேன். வகுப்பு ஒரு நொடி அமைதியாகத்தான் இருந்தது. அப்புறம் ஒருத்தி, எப்போதும் பேசாத பெண், 'அவன் அம்மா அழுதாங்களா?' என்று கேட்டாள். அவ்வளவுதான். துப்பாக்கியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, எல்லாரும் அம்மாவைப் பற்றியே கேட்டார்கள். பார்க்க வந்தாங்களா, ஒன்றரை வருடம் என்றால் எத்தனை பிறந்தநாள், திரும்பி வந்தபோது அவனை அடையாளம் தெரிந்ததா. வடசேரி ஐயா, நாலு பெற்றோர் வரவில்லை. ஒருவர் வந்தார், அந்தப் பாட்டின் பெயர் என்ன, வீட்டில் பையன் தொல்லை செய்கிறான் என்று கேட்க வந்தார்.

மூலைக்குத் தள்ளும் நாடகம் பெரிய வெற்றி, எல்லாருக்கும் மூலைக்குப் போக ஆசை.

1957-ஐச் சரியாகச் சொல்லவில்லை. ஆளுநர், நீதிமன்றம், ஜனாதிபதி என்று 3 பேரைக் கொண்டுவந்ததும் தடுமாறிவிட்டேன், பிள்ளைகளும்தான். வாசலில் நின்ற படை, உள்ளே போக முடியாத 9 பேர், இந்த இரண்டோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

நாளை மறுநாள் கடைசி வகுப்பு, என்ன செய்வது என்று முடிவாகவில்லை. நேற்று ஞாயிறு கடைசியில் 103-ஆம் தெருவில் இறங்கிவிட்டோம். உலகம் பூராவும் தெரிந்த மனிதர், அக்கம்பக்கம் மாதிரியே ஒரு சாதாரணச் செங்கல் வீடு. அடுக்களை முழுக்க நீலம். சுற்றிக் காட்டும்போது நடுநடுவே அவர் குரலையே போடுகிறார்கள், தானே வீட்டில் பதிவு செய்து வைத்த டேப்புகளிலிருந்து. 600-க்கும் மேல் டேப்பாம். நிறைய டேப்புகளின் அட்டைப் பெட்டி மேல் போட்டோ, பத்திரிகைத் துண்டு, வாழ்த்து அட்டை எல்லாம் வெட்டி ஒட்டியிருக்கிறார், செல்லோடேப்பால். மகள் அந்தப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு நகரவே இல்லை. வாசல் படியில் தெருப் பிள்ளைகளோடு அவர் உட்கார்ந்து ட்ரம்பெட் வாசிக்கிற போட்டோ ஒன்று இருக்கிறது, அதே படியில் இவளும் உட்கார்ந்தாள்.

பித்தளைவாய் எழுதியது:

கடைசி வகுப்பு முடிவாகிவிட்டதே அக்கா. சதுர அட்டை, கத்தரி, பழைய பத்திரிகை. ஆளுக்கு ஒரு பெட்டி மூடி. பின்னணியில் 'ஹாட் ஃபைவ்' ஓடட்டும், ஒவ்வொரு தட்டும் 3 நிமிடம்தான், ஒரு பாட்டு முடிவதற்குள் ஒரு துண்டு ஒட்ட வேண்டும் என்று வையுங்கள்.

லில்பக்கம் எழுதியது:

பெட்டிக்குள் போகிற டேப்பில் என்ன இருக்கும் என்று பிள்ளைகளையே கேட்டு மேலே எழுதச் சொல்லுங்கள். என்னவெல்லாம் சொல்கிறார்கள் என்று இங்கே போடுங்கள்.

குவீன்ஸ்அம்மா எழுதியது:

போட்டாயிற்று. 24 மூடி. 'என் தம்பி தூங்கும் சத்தம்', 'பாட்டி ஸ்பானிஷில் திட்டுவது', '7 ரயில் வளையும்போது', 'எங்கள் அப்பா பாடுவது, ஆனால் நன்றாக இல்லை', 'லூயிஸின் அம்மா பேசுவது' இப்படி. கடைசியாகச் சொன்னது அந்தப் பேசாத பெண் எழுதியது. வகுப்பில் ஒருவர்கூட இப்போது லூயி என்று சொல்வதில்லை, நான் வாய்தவறிச் சொன்னால் 24 பேரும் திருத்துகிறார்கள்.

பித்தளைவாய் தம்பி, உங்கள் ரப்பர் குழாயை இன்று வீட்டில் செய்தோம், புனல் சேர்த்து. முதல் மாடிக்காரர் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார். இராத்திரி 9 மணிக்கு மேல் ஊதக்கூடாது என்று ஒப்பந்தம். இதன் சத்தத்தைக் குறைக்க வழி ஏதாவது உண்டா?

பித்தளைவாய் எழுதியது:

புனல் வாயில் ஒரு பழைய சாக்ஸைத் திணியுங்கள்.